மிகு உடற்பருமன்: எடையைக் குறைக்கவும் தசையை வலுப்படுத்தவும் எங்கிருந்து தொடங்குவது?

உடல் எடை மிக அதிகமாக உள்ள ஒருவர் மருத்துவமனைக்குச் செல்லும்போதெல்லாம் கேட்கும் அறிவுரை ஒன்றுதான்: எடையைக் குறைக்க வேண்டும். எவ்வாறு குறைப்பது, முதல் நாள் என்ன செய்வது என்பதை விளக்கப் பெரும்பாலும் நேரம் கிடைப்பதில்லை. நூறு கிலோவைக் கடந்தவர்கள் தொடங்க வேண்டிய முறையும், நான்கைந்து கிலோ கூடியவர்கள் பின்பற்றும் முறையும் ஒன்றல்ல. தொடக்கத்தின் முதல் மூன்று மாதங்களுக்கு உரிய வழிமுறைகள் இப்பக்கத்தில் விளக்கப்படுகின்றன.

எடுத்துக்காட்டிற்கு ஒருவரைக் கற்பனையாக எண்ணிக்கொள்வோம். தேனி மாவட்டத்தில், கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குச் செல்லும் வழியில் உள்ள சுருளிப்பட்டியில் வாழும் 46 வயதுப் பெண். உயரம் 155 செ.மீ., எடை 104 கிலோ. பல ஆண்டுகள் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்தவர். முழங்கால் வலியால் வேலையை நிறுத்தினார். நிறுத்திய பின்னர் எடை மேலும் கூடியது. தரையில் அமர்ந்தால் எழுவதற்கு ஒருவர் கை கொடுக்க வேண்டும். இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மாத்திரை உட்கொள்கிறார். இத்தகையவர்கள் முயற்சி செய்யாதவர்கள் அல்லர். பலரும் இருமுறையோ மும்முறையோ முயன்றவர்களே. ஒருமுறை இரவு உணவை அடியோடு விட்டிருப்பார்கள். இன்னொரு முறை முதல் நாளிலேயே மூன்று கிலோமீட்டர் நடந்து, மறுநாள் முழங்கால் வீங்கிப் படுத்திருப்பார்கள். இங்கே குறை மனவுறுதியில் இல்லை. தொடங்கிய முறையிலேயே உள்ளது.

எவ்வளவு எடை அதிகம்?

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண். மேற்கண்ட பெண்ணுக்கு இது ஏறத்தாழ 43. இந்தியர்களுக்கு 23-க்குக் கீழ் இருப்பது இயல்பு. 25-ஐத் தொட்டாலே உடற்பருமன் எனக் கொள்ளப்படுகிறது. மேலை நாட்டவர்க்கு உரிய வரம்பைவிட இது குறைவு. காரணம், ஒரே குறியீட்டெண் உடைய இருவரில் இந்தியரின் உடலில் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருப்பது வழக்கம். மருத்துவர் யாஜ்னிக், மருத்துவர் யுட்கின் ஆகிய இருவரும் தம் உடலையே அளந்து 2004-இல் லான்செட் இதழில் படத்துடன் வெளியிட்டார்கள். இருவருக்கும் குறியீட்டெண் 22.3. ஆங்கிலேயரான யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியரான யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. தசை குறைவு என்னும் இச்செய்தியை நினைவில் கொள்க. இனி வருவன யாவும் இதனோடு தொடர்புடையவை.

இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பதைக் கடந்தால் வயிற்றுக் கொழுப்பு மிகுதி எனக் கருத வேண்டும். இந்நிலை அரிதானதன்று. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் 25-உம் அதற்கு மேலும் குறியீட்டெண் உடையவர்கள்.

தொடங்கும் முன் மருத்துவரைக் காண்க

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, இரத்தசோகை, தைராய்டு ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். உரத்த குறட்டை, உறக்கத்தின் இடையே மூச்சுத் திணறி விழித்தல், பகலில் அமர்ந்த இடத்திலேயே உறங்கிப்போதல் ஆகியவை இருந்தால் தவறாமல் கூற வேண்டும். உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோயின் அறிகுறிகள் இவை. இந்நோயும் எடையும் ஒன்றையொன்று வளர்க்கும்.

நீங்கள் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். மூட்டு வலிக்காகக் கடையில் சீட்டின்றி வாங்கும் பெயர் தெரியாத மாத்திரைகளையும் பொடிகளையும் மறைக்க வேண்டாம். அவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு; அது பசியைக் கூட்டி, எடையை ஏற்றி, தசையை நலியச் செய்யும். அதேவேளை, மருத்துவர் எழுதித் தந்த ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தானது.

இன்சுலின் செலுத்திக்கொள்பவர்களும், கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களும் உணவைக் குறைத்து உடற்பயிற்சியையும் தொடங்கினால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். எனவே, மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்பதை மருத்துவரே முதலில் முடிவு செய்ய வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் வீட்டிற்கு வரும் தன்னார்வலரிடம், நீங்கள் பயிற்சி தொடங்கியிருப்பதைத் தெரிவித்துவிடுங்கள். அத்திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் அடங்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நடமாட இயலாதவர்கள் அதைக் கேட்டுப் பெறலாம்.

முதலில் எடையா, தசையா?

முதலில் எடை குறையட்டும், தசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். இந்த வரிசை தவறானது. உணவை மட்டும் குறைத்து எடை இழக்கும்போது, இழக்கும் ஒவ்வொரு நான்கு கிலோவிலும் ஏறத்தாழ ஒரு கிலோ கொழுப்பல்லாத திசுவாக இருக்கலாம். அதில் தசையும் உண்டு. பட்டினி கிடந்தால் இந்த இழப்பு இன்னும் மிகும். பின்னர் பழைய உணவுக்குத் திரும்பும்போது கொழுப்பு விரைந்து சேர்கிறது. இழந்த தசை தானாக மீள்வதில்லை. மூன்று முறை பட்டினி கிடந்து மூன்று முறையும் எடை மீண்டவர், முதலில் இருந்ததைவிட வலுக் குறைந்தவராகவே நிற்கிறார். எடை அதே 104 கிலோ. அதைத் தாங்கும் தொடைத் தசை மட்டும் முன்பைவிட மெலிந்தது.

அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த, உடற்பருமன் உடைய 160 பேரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2017-இல் வெளியானது. உணவுக் கட்டுப்பாட்டுடன் நடை போன்ற பயிற்சியை மட்டும் செய்தவர்கள், தசைப் பயிற்சியை மட்டும் செய்தவர்கள், இரண்டையும் செய்தவர்கள் ஆகிய மூன்று குழுவினருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு எடை குறைந்தது. ஆனால், நடை போன்ற பயிற்சியை மட்டும் செய்தவர்கள் கொழுப்பல்லாத திசுவில் 5 விழுக்காட்டை இழந்தனர். தசைப் பயிற்சியை மட்டும் செய்தவர்கள் 2 விழுக்காட்டையும், இரண்டையும் செய்தவர்கள் 3 விழுக்காட்டையும் இழந்தனர். எழுதல், நடத்தல், படியேறுதல் போன்ற அன்றாடச் செயல்திறன் மிக அதிகமாக உயர்ந்தது இரண்டையும் செய்தவர்களிடமே.

மிக அதிக எடை உடையவர்களுக்கு ஒரு சாதகமும் உண்டு. நூறு கிலோ உடலை நாற்காலியிலிருந்து எழுப்புவதே ஒரு பளு தூக்கும் பயிற்சி. அதற்கு உடற்பயிற்சிக் கூடமோ கருவியோ தேவையில்லை.

வீட்டில் செய்யத்தக்க பயிற்சிகள்

அமர்ந்து எழுதல்: உறுதியான மரநாற்காலி அல்லது கட்டில் ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடவும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். அது வழுக்கும், அதிக எடைக்கு உடையவும் கூடும். உயரம் போதாவிட்டால் மடித்த போர்வையை இருக்கையின் மேல் இடலாம். பாதங்களை இடுப்பு அகலத்திற்கு ஊன்றி, சற்றே முன் சாய்ந்து, மூச்சை வெளிவிட்டவாறு எழவும். மெதுவாக அமரவும். தொப்பென்று விழுந்து அமர்வதில் பயன் இல்லை. மெதுவாக இறங்கும்போதும் தொடைத் தசை வேலை செய்கிறது. தொடக்கத்தில் கைகளை ஊன்றிக்கொள்வதில் தவறில்லை. ஐந்து முறை செய்து, இரண்டு நிமிடம் ஓய்வெடுத்து, மீண்டும் ஐந்து முறை செய்யவும். முதல் வாரத்திற்கு இது போதும். பயிற்சி எளிதாகத் தோன்றும்போது முதலில் எண்ணிக்கையைக் கூட்டுக. அடுத்து போர்வையை எடுத்துவிடுக. கைகளை ஊன்றாமல் எழுவது அதற்குப் பின்னரே.

சுவர்த் தள்ளல்: சுவரிலிருந்து ஒரு கை தொலைவில் நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் பதித்து, முழங்கையை மடக்கி மார்பைச் சுவரருகே கொண்டுசென்று திரும்பத் தள்ளவும். தோள், மார்பு, கைத் தசைகளுக்கு இது ஏற்றது.

இவற்றுடன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல், நீர் நிரப்பிய ஒரு லிட்டர் புட்டியை இரு கைகளிலும் ஏந்தி முழங்கையை மடக்கி நீட்டுதல் ஆகியவற்றையும் சேர்க்கலாம். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. கடையில் விற்கும் பளுவுக்கும் அதற்கும் வேறுபாடில்லை.

இப்பயிற்சிகளை வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதுமானது. தசை வலுப்பெறுவது ஓய்வு நாளில்தான். மறுநாள் தொடையில் ஏற்படும் மந்தமான வலி இயல்பானது. இரண்டு மூன்று நாளில் நீங்கும். மூட்டின் உள்ளே குத்தும் வலியோ வீக்கமோ இயல்பானதல்ல; இருக்கையை உயர்த்தி, எண்ணிக்கையைக் குறைத்து, இயன்முறை மருத்துவரைக் கலந்துகொள்ளவும். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கி எழுவதைத் தவிர்க்க வேண்டும். அது இரத்த அழுத்தத்தைத் திடீரென உயர்த்தும்.

நடை

உலக சுகாதார நிறுவனம் வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. அது சென்று சேர வேண்டிய இடம், புறப்படும் இடமன்று. முதல் வாரத்தில் காலை, மதியம், மாலை என மூன்று வேளை, வேளைக்கு ஐந்து நிமிடம் நடப்பது தகும். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச்சுத் தடைப்பட்டால் வேகம் அதிகம் என்று பொருள். வாரந்தோறும் ஒவ்வொரு வேளைக்கும் இரண்டு நிமிடம் கூட்டினால் இரண்டு மாதத்தில் நாள் ஒன்றுக்கு ஒரு மணி நேரத்தை நெருங்கிவிடலாம். அதற்கு முன்பே வலி வந்தால் அந்த அளவிலேயே சில வாரம் நிற்பதில் இழப்பு ஒன்றும் இல்லை.

முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற்றமான பாதையை விட்டுச் சமதளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அருவிக்கரைப் படிகளும் ஈரப் பாறைகளும் தொடக்க நிலைக்கு ஏற்றவை அல்ல. திராட்சைத் தோட்டத்து வழியே நடப்பவர்கள் மருந்து தெளிக்கும் நாட்களில் வேறு பாதையில் செல்லவும். நீரிழிவு உள்ளவர்கள் செருப்பின்றி நடக்கக் கூடாது. திரும்பியதும் பாதத்தை, விரலிடுக்கு உட்பட, பார்க்க வேண்டும். குனிந்து பார்க்க இயலாவிடில் பராமரிப்பவர் பார்த்துச் சொல்லலாம்.

“தோட்டத்தில் நாள் முழுவதும் நிற்கிறேன், அது போதாதா?” என்ற கேள்வி இப்பகுதியில் அடிக்கடி எழக்கூடியது. பந்தலுக்குக் கீழே கைகளை உயர்த்திக் கொடி கட்டுவதும் குலை வெட்டுவதும் கடும் வேலைதான். அதைக் குறைத்து மதிப்பிட இயலாது. ஆயினும் அது ஒரே நிலையில் நெடுநேரம் நிற்கும் வேலை. தோளும் கழுத்தும் களைக்கும். தொடைக்கும் இடுப்புக்கும் வலுவூட்டும் அசைவு அதில் குறைவு. விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கேரள ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புபவர்களுக்கு நடை போதுமான அளவு அமைந்துவிடும். அவர்கள் தசைப் பயிற்சியை மட்டும் வாரம் இருமுறை சேர்த்துக்கொண்டால் போதும். களைத்து வந்த உடலை மேலும் வருத்த வேண்டும் என்பது நோக்கமன்று. உறங்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்கினாலே அது நிறைவேறும்.

உணவு

சோற்றை விட்டுவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எவ்வளவு சோறு, அதனுடன் என்ன என்பவையே முக்கியம். 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரி உண்டு. புரதம் 7 முதல் 8 கிராம்தான். பெரும்பாலான வீடுகளில் மதியத் தட்டு சோற்றால் நிறைந்திருக்கும். குழம்பில் பருப்பைத் தேட வேண்டியிருக்கும். தட்டின் பாதியைக் காய்கறியும் கீரையும், கால் பகுதியைச் சோறு அல்லது சிறுதானியமும், எஞ்சிய கால் பகுதியைப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் போன்ற புரத உணவும் நிரப்பட்டும். சோற்றை எப்போதும் ஒரே கிண்ணத்தால் அளந்து இட்டுக்கொள்ளவும். கண் அளவை நம்பினால் ஒரு வாரத்தில் அளவு பழையபடி ஆகிவிடும்.

எடை குறையும் காலத்தில் தசையைக் காக்கப் புரதம் இன்றியமையாதது. ஒருவரின் உயரத்திற்கு ஏற்ற எடையைக் கொண்டு, கிலோவிற்கு 1 முதல் 1.2 கிராம் எனக் கணக்கிடுவது ஒரு முறை. நம் எடுத்துக்காட்டில் உள்ள பெண்ணுக்கு அந்த எடை 53 கிலோ. ஆகவே நாளொன்றுக்கு 55 முதல் 65 கிராம் வரை புரதம் வேண்டும். இரண்டு முட்டையில் 12 கிராம், 50 கிராம் கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 10 கிராம், 30 கிராம் துவரம் பருப்பில் 6 கிராமுக்குச் சற்று மேல், 300 மி.லி. தயிரில் 9 கிராம், ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 6 கிராம்; எஞ்சியது சோறு, இட்லி, காய்கறியிலிருந்து வந்துவிடும். நியாயவிலைக் கடையில் மானிய விலையில் கிடைக்கும் துவரம் பருப்பு இதற்குப் பெரிதும் உதவும். விலையுயர்ந்த புரதப் பொடி தேவையில்லை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

எண்ணெயைத் தாளிக்கும்போது அளப்பதைவிட, மாதக் கணக்கில் அளப்பது எளிது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 கிராம் என்றால், நால்வர் உள்ள குடும்பத்திற்கு மாதம் 3 கிலோ. உங்கள் வீட்டில் எத்தனைப் பாக்கெட் தீர்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எண்ணெயின் ஒவ்வொரு கிராமிலும் 9 கலோரி உண்டு. எந்த எண்ணெயாயினும் இதில் மாற்றமில்லை.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையைக் குறித்தும் கூற வேண்டும். வீட்டிலும் தோட்டத்திலும் தாராளமாகக் கிடைப்பதால் அளவின்றி உண்ணப்படும் பழம் இது. 100 கிராமில் ஏறத்தாழ 70 கலோரி; ஒரு கிலோ உண்டால் 200 கிராம் அரிசிக்கு நிகர். ஒரு சிறு கைப்பிடியைப் பழமாகவே மென்று உண்ணலாம். பிழிந்து சர்க்கரை சேர்த்துப் பருகும்போது வயிறு நிறைவதில்லை. சர்க்கரை மட்டும் உள்ளே செல்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் சாற்றைத் தவிர்க்க வேண்டும்.

நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்திற்கு அரைக் கிலோ அளவில் எடை குறையத் தொடங்கும். போகப்போக இவ்வேகம் தணியும். வாரத்திற்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்துகொண்டே போனால் பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. “பதினைந்து நாளில் பத்துக் கிலோ” என்னும் விளம்பரங்களை இதனால்தான் நம்பக் கூடாது.

எடைக்கருவி அசையாதபோது

முதல் வாரத்தில் உடலின் நீர் குறைவதால் இரண்டு கிலோ வரை இறங்கக்கூடும். மூன்றாம் வாரம் எடைக்கருவி அசையாது. பலரும் கைவிடுவது இந்த வாரத்தில்தான்.

சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடைபெற்று 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இங்கே நினைவுகூரத்தக்கது. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் மூன்று ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் நீரிழிவு நோயாளிகள் ஆயினர். உணவை மாற்றி, நாள்தோறும் அரை மணி நேரமேனும் நடக்குமாறு தொடர்ந்து ஊக்குவிக்கப்பட்டவர்களில் அந்த அளவு 39.3 விழுக்காடு. குறிப்பிடத்தக்க எடைக் குறைவு ஏற்படாமலேயே இப்பயன் கிடைத்தது. ஆய்வில் கலந்துகொண்டோர் மிகு உடற்பருமன் உடையோர் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்களுக்குக் கிடைத்தது அப்படியே உங்களுக்குக் கிடைக்கும் என்று உறுதி கூற இயலாது. எனினும், எடைக்கருவியில் தெரியாத நன்மையும் உண்டு என்பதற்கு இது நம் மண்ணிலிருந்தே கிடைத்த சான்று.

எனவே எடையை வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் பார்த்தால் போதும். அதனுடன் இரண்டு அளவுகளைக் குறித்து வையுங்கள்: மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவு, இரண்டு வாரத்திற்கு ஒருமுறை, 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்ற எண்ணிக்கை. எடை அசையாத வாரத்தில் இந்த எண் நான்கிலிருந்து ஆறாக உயர்ந்திருக்கலாம்.

முதல் இலக்கு தொடக்க எடையில் 5 விழுக்காடு. 104 கிலோ உள்ளவருக்கு அது 5 கிலோவுக்குச் சற்று மேல். மூன்று முதல் ஆறு மாதத்தில் இதை எட்டலாம். சிறிய அளவாகத் தோன்றினும், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இதிலேயே குறையத் தொடங்கும். முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மீது விழும் சுமை நான்கு கிலோ குறைவதாகக் கண்டறியப்பட்டுள்ளது. ஐந்து கிலோ குறைந்தால் அடிக்கு இருபது கிலோ.

பராமரிப்பவர்களுக்கு

உண்ணும் இடத்தில் எடையைப் பற்றிப் பேச வேண்டாம். உறவினர் கூடும் இடத்தில் கேலி செய்வதும், “வாயைக் கட்டினால் போதும்” என்பதும் எடையைக் குறைப்பதில்லை. மறைவில் உண்ணும் பழக்கத்தையே வளர்க்கும். ஒருவருக்குத் தனியாகச் சமைப்பதைவிட வீடு முழுவதும் ஒரே உணவை உண்பது நல்லது. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதை உண்ணும் தாய்மார்களுக்குப் பெரும்பாலும் சோறு மட்டுமே மிஞ்சுகிறது. அவர்களின் முட்டையையும் சுண்டலையும் முதலிலேயே எடுத்து வைப்பது குடும்பத்தினரின் கடமை.

எழுந்து நிற்கும் பயிற்சியின்போது பக்கத்தில் நில்லுங்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேண்டாம். அவருக்குத் தோள் மூட்டு நழுவக்கூடும். உங்களுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். அடிவயிறு, தொடையிடுக்கு, மார்பின் கீழ் உள்ள தோல் மடிப்புகளைக் குளித்தபின் ஈரமின்றித் துடைக்க வேண்டும். அங்கே ஏற்படும் அரிப்பும் சிவப்பும் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்றாகும். வெட்கத்தால் பலர் இதை மருத்துவரிடம் கூறுவதில்லை. நடையை நிறுத்துவதற்கு இதுவே காரணமாகிவிடுவதும் உண்டு.

மருந்தும் அறுவை சிகிச்சையும்

எடையைக் குறைக்கும் ஊசி மருந்துகளான செமாகுளுடைடு, டிர்செபடைடு ஆகியவை இந்தியாவில் கிடைக்கின்றன. மருத்துவரின் சீட்டும் கண்காணிப்பும் இன்றி இவற்றைப் பயன்படுத்தக் கூடாது. இவற்றால் எடை குறையும்போதும் தசை இழப்பு உண்டு. ஆகவே மேற்கூறிய பயிற்சியும் புரதமும் அப்போதும் தேவை. குறியீட்டெண் மிக அதிகமாக உள்ள சிலருக்கு இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை பொருத்தமாக இருக்கலாம். அதை நாடுவது தோல்வியின் அடையாளமன்று. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேட்டு, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் பெற்று ஆலோசனை பெறலாம்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி, அது இடக்கை, தாடை, முதுகுக்குப் பரவுதல், ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சுத் திணறல், மயக்கம், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலியுடன் வீக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் பயிற்சியை நிறுத்தி 108 அவசர ஊர்தியை அழைக்கவும். நீரிழிவு மருந்து உட்கொள்பவருக்கு நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, குழப்பம் ஏற்பட்டால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்க்கவும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அவருக்கும் 108-ஐ அழைக்க வேண்டும். அவசரமற்ற ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.